மலைமுகட்டு வெள்ளைக்கண்ணி

சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குச் செல்பவர்கள் மலர்க்காட்சியையும் குதிரைப் பந்தயத்தையும் கண்டு களித்துத் திரும்புவர். அங்கிருந்து ஆறு மைல் தொலைவிலுள்ள ஹக்கலைப் பூந்தோட்டத்தின் காட்டோரத்தில் அரைமணி நேரம் பேசாது நின்று, மரத்தலைகளை அண்ணாந்து பார்ப்பவர் மிகச் சிலரே. நாம் அவ்வாறு நின்ற ஒரு காலையிற் பனிமூட்டம் காட்டை மறைத்திருந்தது. மெல்லிய கீச்சொலிகள் மட்டும் ஓர் உச்சியிலிருந்து மற்றோர் உச்சிக்கு நகர்ந்துகொண்டிருந்தன. மூட்டம் விலகிய பின்னரே அவ்வொலிக்குரிய பறவைக் கூட்டத்தைக் கண்டோம். அவை இலங்கை வெள்ளைக்கண்ணிகள்.

நீளம் சுமார் 11 சென்ரிமீற்றர். முதுகு கரும்பச்சை, தொண்டையும் மார்பும் மஞ்சள். கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி அணிந்த உபாத்தியாயர் ஒருவரை நமக்கு நினைவூட்டியது! பூச்சி, பூந்தேன், சிறு கனி ஆகியனவே இதன் உணவு. மரக்கவட்டில், தொட்டில்போலத் தொங்கும் சிறு கூட்டைக் கட்டுகிறது.

நமது தாழ்நிலத் தோட்டங்களிலும் ஒரு வெள்ளைக்கண்ணி உண்டு. அது இந்தியாவிலும் வாழ்வது. மலைநாட்டுப் பறவையோ இலங்கையன்றி வேறெங்கும் இல்லாதது. ஹோல்ட்ஸ்வேர்த் என்னும் ஆங்கிலேயர் 1872ஆம் ஆண்டில் இதனைத் தனியினமாக விவரித்தார். ஒரே தீவில் வாழும் இவ்விரண்டும் உடன்பிறப்புக்கள் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும் பிறநாட்டு ஆய்வாளரும் சேர்ந்து மரபணுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு வேறானது. இரண்டும் வெவ்வேறு காலங்களில் இத்தீவை வந்தடைந்தவை. ஆபிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை பரந்துள்ள ஏறக்குறைய நூறு இனங்கள் கொண்ட இக்குலத்தில், முதலிற் பிரிந்த கிளை நமது மலைப்பறவையே! ஹக்கலையில் நாம் கண்டது அக்குலத்தின் மூத்த குடி.

அதன் வீட்டின் கதை அத்துணை மகிழ்ச்சிக்குரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 5000 அடிக்கு மேலுள்ள காடுகளையேனும் தொடாது விடுமாறு தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அரசுக்கு ஆலோசனை கூறினார். அதனாலேயே ஹோர்ட்டன் சமவெளிக் காடு தப்பியது. 1988இல் அது தேசிய பூங்காவாயிற்று.

கோடரிக்குத் தப்பிய அக்காட்டில் இன்று மரங்கள் நின்றநிலையிலேயே உச்சியிலிருந்து பட்டுப்போகின்றன. கீனா மரமும் இதற்குத் தப்பவில்லை. நீர்ப்பற்றாக்குறை, மண்ணின் கேடு எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. ஒருமித்த முடிவு இல்லை. வெள்ளைக்கண்ணி வீட்டுத் தோட்டங்களுக்கும் வரும் பறவையாதலால் அதற்கு உடனடி ஆபத்தில்லை. ஆயினும் அது இரைதேடும் மரத்தலைகளே முதலிற் காய்கின்றன.

ஹக்கலைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் வெயில் ஏறுமுன் காட்டோரத்தை அடைவது நன்று. கழுத்து சற்று வலிக்கும்.