தொடர்பு தளரும்போது இணையப் பக்கங்களின் இடைச்சேமிப்பு

ஒருமுறை பெற்ற இணையப் பக்கத்தின் பிரதியை உலாவியோ இடையிலுள்ள கணினியோ காத்துவைப்பது இடைச்சேமிப்பு, அதாவது கேஷ், எனப்படும். அப்பிரதி எத்தனை நொடி செல்லும் என்பதை வழங்கிக் கணினி குறித்து அனுப்புகிறது. அக்காலம் கடந்தபின் பக்கம் முழுவதையும் மீண்டும் பெற வேண்டுவதில்லை. அதன் அடையாளக் குறியை அனுப்பி வினவினால் போதும். மாறுதல் இல்லையெனில், 304 என்ற எண்ணுடன் சிறு விடை மட்டுமே வரும்.

தொடர்பு தளர்ந்த இடத்தில் இவ்வினாவும் தாமதமாகும். ஆதலின், பழைய பிரதியை உடனே காட்டிவிட்டுப் புதியதைப் பின்னர்ப் பெறவும், வழங்கி பிழைபட்டால் குறித்த காலம்வரை பழையதையே அளிக்கவும் 2010-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5861 என்னும் ஆவணம் வழிவகுத்தது.

பாடப்படங்களுக்கு இம்முறை ஏற்றது; புயல் எச்சரிக்கைக்கு ஏலாது. ஆங்கே பழைய செய்தி உயிருக்கே கேடாகலாம். எனவே, எச்சரிக்கையைப் பிறர்க்கு அறிவிக்குமுன் அது வெளியிடப்பெற்ற நாளையும் நேரத்தையும் நோக்குதல் இன்றியமையாதது.