சத்தாவன் என்றால் 57-ஆ, 75-ஆ?

மராத்திக் குழந்தைகளுக்கு எண்களின் பெயரை எளிதாக்க நடந்த முயற்சி கேலிக்கு ஆளானது. ஆனால் பிரச்னை கேலிக்குரியது அல்ல.

"சத்தாவன்" என்கிறார் ஆசிரியர். குழந்தையின் காதில் முதலில் விழுவது ஏழு, பிறகுதான் ஐம்பது. கேட்ட வரிசையில் எழுதினால் சிலேட்டில் வருவது 57 அல்ல, 75. கணக்கு தெரியாததால் வந்த தவறல்ல இது. சொல் தலைகீழாக இருப்பதால் வந்தது.

மராத்தியில் இருபதைத் தாண்டிய எண்களின் பாடு இதுதான். 21 'ஏக்வீஸ்': ஒன்று, இருபது. 29 'ஏகோண்தீஸ்': முப்பதுக்கு ஒன்று குறைவு. 93 'த்ர்யாண்ணவ்': சொல்லிப் பார்த்தால் பெரியவர்களுக்கே நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு பெயரையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். இந்தியும் குஜராத்தியும் வங்காளமும் இதே ரகம்தான்.

இந்தச் சுமையைக் குறைக்க மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி 2019-ல் ஒரு காரியம் செய்தது. 2-ம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'ஏக்வீஸ்' உடன் 'வீஸ் ஏக்', 'சத்தாவன்' உடன் 'பன்னாஸ் சாத்' என்ற முறையையும் சேர்த்தது. எழுதும் வரிசையே சொல்லும் வரிசை. கணிதக் குழுவின் தலைவர் கணித அறிஞர் மங்களா நார்லிகர் (2023-ல் மறைந்தார்). கூட்டெழுத்துகளைக் கண்டு மிரளும் குழந்தை கணக்கையே வெறுத்துவிடக் கூடாது என்பது அவர் வாதம்.

புயல் கிளம்பியது. மராத்தியைச் சிதைக்கிறார்கள் என்று எதிர்ப்பாளர்கள் கொதித்தார்கள். அன்றைய முதல்வர் பட்னவீஸின் பெயரிலேயே 'வீஸ்' இருந்தது எதிர்க்கட்சிகளுக்கு வசதியாகப் போயிற்று. கேலி சட்டப்பேரவை வரை எட்டியது.

எதிர்ப்பில் நியாயமான கேள்வி ஒன்றும் இருந்தது. காய்கறிக்காரர் 'சத்தாவன்' ரூபாய் கேட்டால், 'பன்னாஸ் சாத்' படித்த குழந்தை விழிக்காதா? புத்தகம் பழைய முறையைக் கைவிடவில்லை என்பதே அதற்குப் பதில்.

உலகுக்கு இது புதிதல்ல. நார்வே 1951-ல் பத்தை முன்னால் சொல்லும் முறைக்கு அதிகாரபூர்வமாக மாறியது. தொலைபேசி எண்களில் நேர்ந்த குழப்பம் அதற்கு ஒரு காரணம். பழைய முறை பேச்சில் பல ஆண்டுகள் நீடித்தாலும் பள்ளியில் புதியது நிலைத்தது.

ஐம்பத்தேழு என்று பத்தை முன்வைக்கும் தமிழ்க் குழந்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்காக மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. நம் 90-ன் பெயரில் 'நூறு' இருக்கிறது, 900-ன் பெயரில் 'ஆயிரம்' இருக்கிறது.

வீட்டில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளிருந்தால் பிள்ளை எப்படியும் தேறிவிடும். அப்படி யாரும் இல்லாத பிள்ளைக்கு, 75 என்று எழுதியதற்காக விழும் சிவப்பு மைப் பெருக்கல் குறி ஒன்றைத்தான் கற்றுத்தருகிறது: 'எனக்குக் கணக்கு வராது.'