பள்ளி மணிக்குப் பிறகு – 11: பதினைந்து பெயர்கள்

போன வாரம் அம்பாங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளோடு நிறுத்தியிருந்தேன். அவர்களுக்கு ஒரு மாலை வகுப்பு வேண்டுமென்றால் எந்த அதிகாரியின் கதவைத் தட்டுவது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று நாளாக அது என்னை வேறு வேலை பார்க்க விடவில்லை.

15.

மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் தொடக்கத்தில், சொற்களுக்குப் பொருள் கூறும் பிரிவு ஒன்று உண்டு. வழக்கறிஞர்களைத் தவிர யாரும் நின்று படிக்காத பகுதி. தேசியப் பள்ளி என்றால் என்ன என்று அங்கே வரையறுக்கும்போது, அந்தப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பதினைந்துதான்.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு அடுத்த வரியைப் படித்தபோதுதான் எழுந்து உட்கார்ந்தேன். பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15 பெற்றோர்தான். ஆனால் அங்கே ‘நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால்’ என்று ஒரு கூடுதல் நிபந்தனை இருக்கிறது. தமிழுக்கு அந்த நிபந்தனை இல்லை. பதினைந்து பேர் கேட்டால் போதும். நம் பிள்ளைகளின் பி.ஓ.எல். என்ற தாய்மொழி வகுப்பு எத்தனையோ பள்ளிகளில் சனிக்கிழமையிலோ பள்ளி முடிந்த பிறகோ நடந்து வந்ததே, அதற்குச் சட்டத்தில் உள்ள பிடிமானம் தமிழைப் பற்றிய அந்த வரிதான். ஒரு தமிழ் வகுப்பை, மனம் இரங்கிய ஒரு அதிகாரி தந்த தயவாகக் கருதாமல், பெற்றோர் எண்ணிக்கை காட்டிப் பெறும் உரிமையாகச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது!

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் இன்னோர் எண் வருகிறது: 10. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்றது. அது ஐக்கிய மலாய் மாநிலங்களின் சட்டம். சிலாங்கூரும் அவற்றில் ஒன்று என்பதால், இந்த மண்ணுக்கும் பொருந்தியதுதான். பள்ளி என்ற பேரில் பல தோட்டங்களில் எழும்பியது ஒரு கொட்டகை. பாடம் சொன்னவர் சில இடங்களில் கிராணி, சில இடங்களில் கங்காணி. அதில் குறை சொல்ல ஆயிரம் உண்டு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பால்மரத்துக்கு நடுவே எட்டுப் பிள்ளைகளோ ஒன்பது பிள்ளைகளோ இருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். பத்தாவது பிள்ளைக்கு ஏழு வயது நிரம்பிய அன்று பத்துப் பேரும் சேர்ந்து தெரிந்துவிடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய வலி ஒன்று திரும்ப வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், மாலை வகுப்புக்கு மண்டபம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மனு ஆறு பக்கம். தோட்டத் துண்டாடல், குடும்ப வருமானம், குண்டர் கும்பல் எல்லாம் அதில் இருந்தன. எழுதும்போதே கண் கலங்கியது. அந்த அதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். “எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டார். “நிறைய இருக்காங்க” என்றேன். “எந்த எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்?” என்றார். அதற்கும் என்னிடம் விடை இல்லை. மனுவை ஒரு கோப்புக்குள் வைத்தார். அது இன்றும் அங்கேயே இருக்கலாம். அவர்மீது எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. என் வேதனையை அவர் எந்தப் பாரத்தில் நிரப்புவார்? முப்பது நாற்காலி, வாரம் மூன்று நாள், மூன்று மணி நேரம், மின்கட்டணம் இவ்வளவு என்று கேட்டிருந்தால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்க முடியும்.

நாள், நேரம், எண்ணிக்கை என்று பேச வேண்டும் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டு பெரிய அளவில் செய்து காட்டிய இடம் தமிழ்நாடு. தொற்றுக்காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்தபோது, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. மாலை 5 முதல் 7 மணிக்குள் வீட்டுத் திண்ணையில், கோயில் மண்டபத்தில், மரத்தடியில் வகுப்பு. ஒரு தன்னார்வலருக்கு ஏறக்குறைய 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பிறகு அதை எண்ணியும் பார்த்தார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை அளந்தார்கள். விட்டுப்போன கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அப்படி மீண்டதில் சுமார் கால் பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது. அமைச்சரின் மேசையில் வைக்க இதைவிட வலுவான காகிதம் எது?

நம் ஊரிலும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியர்களாக்கி நாடெங்கும் டியூஷன் நடத்தியது. பத்துமலையில் அவர்கள் நடத்தும் கல்வி யாத்திரையில் பெற்றோர் பிள்ளைகளோடு திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திரளுக்குப் பக்தி மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். எங்கள் பிள்ளைகள் இத்தனை பேர் என்று நாடு பார்க்கும்படி நிற்பதும் ஒரு மனுதான்.

சரி, கதவுகள். அம்பாங்கில் இது எளிதல்ல. 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது அம்பாங் இரண்டாகப் பிரிந்தது. சிலாங்கூர்ப் பக்கம் குடியிருந்தால் உங்களுக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் உண்டு, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் உண்டு. கோலாலம்பூர்ப் பக்கம் சட்டமன்றமே கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினரும் மாநகர் மன்றமும்தான். பள்ளிக்கூட விவகாரமோ இரண்டு பக்கத்திலும் கூட்டரசு அரசாங்கத்தின் கையில். ஒரே ரயில் நிலையத்தில் இறங்கி ஒரே கடையில் ரொட்டிச் சானாய் வாங்கும் இரண்டு தாய்மார்கள், ஒரே வகுப்புக்காக வெவ்வேறு அலுவலகங்களுக்குப் போக வேண்டும். எந்த அலுவலகம் மண்டபம் தரும், எது பணம் தரும், எது வெறும் ஆதரவுக் கடிதம் தரும் என்பதற்குத் தனியாக ஓர் இதழ் வேண்டும். அதை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்.

இந்த வாரம் நீங்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. சனிக்கிழமை அந்த அடுக்குமாடிக்கு மறுபடி போனேன். மூன்றாம் மாடியில் இருக்கும் அக்காவிடம் பதினைந்தின் கதையைச் சொன்னேன். “அது தமிழ் வகுப்புக்கு இல்லயா தம்பி? நாம கேக்கறது கணக்கு, ஆங்கிலம் எல்லாத்துக்குமில்ல?” என்றார். சரியான கேள்வி. மாலை வகுப்புக்கு எந்தச் சட்டமும் எண் குறிக்கவில்லை. ஆனால் அதிகாரிக்கு ஒரு எண் வேண்டும். சட்டம் நமக்குப் பழக்கிக் கொடுத்த எண்ணையே நாமும் வைத்துக்கொள்வோம் என்றேன்.

அக்கா மகனின் பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, பின்பக்கத்தில் நான்கு கோடு போட்டார். பெயர், வயது, பள்ளி, அம்மா வீடு திரும்பும் நேரம். நான்காவது கட்டத்தை நான் சொல்லவில்லை; அவராகவே சேர்த்தார். ஆறு பக்கத்தில் நான் சொல்ல முடியாததை அந்தக் கட்டம் சொல்லிவிடுகிறது. ஏழு, ஏழரை, எட்டு, ஒன்பது என்று அது கீழே இறங்கிக்கொண்டே போனது. நான் கிளம்பும்போது பதின்மூன்று பெயர்கள் சேர்ந்திருந்தன. இரண்டாம் மாடியில் இன்னும் கேட்கவில்லை.

(அடுத்த வாரம்: யாருடைய கதவு எதற்கு? கூடவே, 2002இல் கலிபோர்னியாவில் பள்ளிக்குப் பிந்தைய வகுப்புகளுக்காக வாக்காளர்களிடம் ஆதரவு கேட்டு வென்ற ஒரு சினிமா நடிகர். அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர்தான்!)