திருப்பாவையின் யாப்பொருமையும் அரியக்குடியாரின் இராக வரிசையும்

முன்னுரை

இராஜபாளையத்தை அடுத்துள்ள ஸ்ரீவில்லிப்புத்தூர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊராகும். ஆண்டாள் அருளிய திருப்பாவை, நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்துள் அமைந்தது. கோயில்களில் கோஷ்டியாக ஓதப்படும் இதன் 30 பாசுரங்களுக்கும் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890-1967) கர்நாடக இசையில் மெட்டமைத்தார். எம். எல். வசந்தகுமாரியின் குரலில் அம்மெட்டுகள் பரவலாக அறிமுகமாயின. பாசுரந்தோறும் இராகம் மாறும் இவ்வமைப்பு நூலின் ஒருமையைக் குலைக்கிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலின் ஒருமை

30 பாசுரங்களும் எட்டடிக் கொச்சகக் கலிப்பாக்கள்; அனைத்தும் ஒரே சொல்லால் முடிவன. பொருளும் தொடர்ச்சியுடையது. முதல் ஐந்து பாசுரங்கள் நோன்புக்குத் தோற்றுவாய் செய்கின்றன. 6 முதல் 15 வரையுள்ளவை உறங்கும் தோழியரை எழுப்புகின்றன. 16 முதல் 29 வரையுள்ளவை நந்தகோபன் மாளிகையை அடைந்து, கண்ணனைத் துயிலெழுப்பி, பறை வேண்டுவதைக் கூறுகின்றன. 30ஆம் பாசுரம் பாடியவர் பெயரையும் பாடல் தொகையையும் சுட்டி நூற்பயன் உரைக்கிறது. ஒரே யாப்பும் ஒரே ஈற்றுச்சொல்லும் பலர் ஒருங்கே ஓதுதற்கு இசைவானவை. ஆயர் சிறுமியர் கூட்டமாகப் பேசும் நூலுக்கு இது பொருந்துவதாகும்.

இராக வரிசை

அரியக்குடியாரின் மெட்டில் முதல் ஐந்து பாசுரங்கள் முறையே நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய இராகங்களில் அமைந்துள்ளன. இவை கன இராகங்கள் ஐந்தாகும்; தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகளும் இதே வரிசையில் அமைந்தவை. நூலின் தோற்றுவாயான ஐந்து பாசுரங்களும் கன இராகங்கள் ஐந்தும் இங்கு ஒன்றுபடுகின்றன. 29ஆம் பாசுரம் மத்தியமாவதியிலும் 30ஆம் பாசுரம் சுருட்டியிலும் அமைந்தன. இவ்விரண்டும் கச்சேரியின் நிறைவில் மங்கலமாகப் பாடப்பெறும் இராகங்கள். எனவே, மெட்டமைத்தவர் 30 பாசுரங்களையும் தொடக்கமும் முடிவுமுடைய ஒரே தொகுதியாகக் கண்டார் எனக் கருத இடமுண்டு.

இதனோடு மேலைநாட்டுச் சான்றொன்று ஒப்புநோக்கத்தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டுத் துறவியும் அறிஞருமான ரபானஸ் மௌரஸ் இயற்றியதாகக் கருதப்படும் இலத்தீன் துதிப்பாடலைக் குஸ்தாவ் மாலர் தம் எட்டாம் சிம்பொனியில் (அரங்கேற்றம் 1910) பெருங்குழுவிசையாக்கினார். அங்குப் பாடலடிகள் முன்பின்னாக மாற்றியும் மடக்கியும் ஆளப்பட்டன. துதிப்பாடல் இசைப்படைப்பின் கட்டுக்கோப்புக்கு உட்பட்டது. அரியக்குடியாரிடத்தோ பாசுர வரிசையே இராக வரிசைக்கு அடிப்படையாயிற்று.

முடிவுரை

யாப்பு தந்த ஒருமையை இராக வரிசை வேறொரு வகையில் காக்கிறது. ஆயினும் 30 பாசுரங்களும் முறையே பாடப்பெறும்போதுதான் இது புலனாகும். கச்சேரியில் ஓரிரு பாசுரங்கள் தனித்துப் பாடப்பெறுகையில் இராக அழகு எஞ்சுகிறது, தொடர்ச்சி மறைகிறது. ஆதலின் திருப்பாவையின் இசைவடிவை ஆராய்வோர் தனிப்பாசுர மெட்டோடு நில்லாது, முழு வரிசையையும் ஆய்வுக்கு உட்படுத்துதல் வேண்டும்.