தொட்டால் கதை நகர வேண்டும்

மலேசியாவில் கோலா குபு பாரு வழியாக ஓடிவரும் சிலாங்கூர் ஆறு, கோலா சிலாங்கூரில் கடலைச் சேரும் முன் கம்போங் குவாந்தானின் பெரெம்பாங் மரங்களைக் கடக்கிறது. இருட்டியதும் அம்மரங்களில் ஆண் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னும். இதைச் சொல்லும் 32 பக்கச் சிறுவர் படப் புத்தகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை டேப்லெட் செயலியாக மாற்ற என்னென்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை ஓவியருக்கு. அச்சுக்கு வரைந்த படத்தில் ஆறு, படகு, சிறுமி எல்லாம் ஒரே தாளில் ஒட்டிக்கிடக்கும். திரையில் படகு நகர்ந்தால் அது நின்ற இடத்தில் வெள்ளைப் பொத்தல் விழும். அதனால் பின்னணி, மரம், படகு, ஆள் என்று ஒவ்வொன்றையும் தனி அடுக்காக வரைந்து, மறைந்திருந்த பகுதியையும் நிரப்ப வேண்டும். திரைகளின் அகல உயர விகிதமும் ஒன்றுபோல் இராது. சிலவற்றில் 4:3, சிலவற்றில் 16:10. ஆகவே ஓரங்களில் கூடுதலாக வரைந்து, முக்கியமானதை நடுவில் வைப்பார்கள்.

அடுத்து குரல். கதையை ஒருவர் வாசித்துப் பதிவு செய்ததும், ஒவ்வொரு சொல்லும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று பட்டியல் எடுப்பார்கள். அதன்படி, ஒலிக்கும் சொல் திரையில் நிறம் மாறும். காதும் கண்ணும் ஒரே சொல்லில் சேர்வதால் வாசிப்பு வளரும் என்பதே இதன் அடிப்படை. இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி 1996 முதல் தொலைக்காட்சிப் பாடல்களுக்கு அதே மொழியில் வரிகள் ஓடவிடும் முறையை ஆராய்ந்தார். 2004இல் தொடங்கிய அவரது புக்பாக்ஸ் நிறுவனம் அதே முறையில் தமிழ் உட்படப் பல மொழிகளில் அசையும் படக்கதைகளை வெளியிட்டது.

தமிழுக்கு இங்கே தனிக் கவனம் தேவை. 'மின்மினி' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்குள் 8 குறியீடுகள். மகரமும் இகரக் குறியும் தனித்தனியாகவே பதிவாகின்றன. நிரல் எழுதுபவர் குறியீடு குறியீடாக வண்ணமேற்றினால் 'மி' வரவேண்டிய இடத்தில் முதலில் 'ம' மட்டும் ஒளிரும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை அதைத் தவறாகவே கற்றுக்கொள்ளும். முழு எழுத்தை ஓர் அலகாகப் பிடிக்க நிரலுக்குச் சொல்லித்தர வேண்டும். திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு மலேசியாவின் பங்கு பெரிது: முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு அஞ்சல் என்ற மென்பொருள் வழியாக இதில் உழைத்து வருகிறார், அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றிருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமான முடிவு, விரல் எங்கே தொட வேண்டும் என்பது. ஜான் ஸ்டோன் எழுதி மைக்கேல் ஸ்மோலின் படம் வரைந்த, 1971இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படப் புத்தகம் இதற்கு நல்ல பாடம். கடைசிப் பக்கத்தில் பூதம் இருக்கிறது, பக்கத்தைத் திருப்பாதே என்று கெஞ்சும் குரோவர் பொம்மை, பக்கங்களைக் கயிற்றால் கட்டுகிறது. புத்தகம் செயலியானபோது அந்த முடிச்சுகளைக் குழந்தையே தொட்டு அவிழ்க்கும்படி செய்தார்கள். அங்கே தொடுதலே கதையின் அடுத்த வரி.

எல்லாச் செயலிகளும் இப்படி இல்லை. தகாச், ஸ்வார்ட், புஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 43 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது: கதையோடு ஒட்டிய அசைவும் ஒலியும் குழந்தையின் புரிதலுக்கு உதவுகின்றன, இடையில் செருகிய விளையாட்டுகளும், தொட்டால் ஏதாவது துள்ளும் படங்களும் கவனத்தைச் சிதறடிக்கின்றன.

நம் மின்மினிப் பக்கத்துக்கு வருவோம். நிலாவைத் தொட்டால் சிரிக்கும், தவளையைத் தொட்டால் கத்தும் என்று செய்வது எளிது. கதைக்கு அதனால் பயனில்லை. மின்மினிக் கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்துப் பூச்சியின் மின்னலைப் பார்த்துத் தன் நேரத்தைச் சிறிது முன்பின்னாக மாற்றிக்கொள்கிறது. அப்படியே கூட்டம் முழுவதும் ஒத்துப்போகிறது. ஆகவே திரையில் தாறுமாறாக மின்னும் பூச்சிகளை வைத்து, குழந்தை ஒன்றைத் தொட்டதும் அதன் அண்டைப் பூச்சி தாளம் மாற்றட்டும், பிறகு அடுத்தது, கடைசியில் மரம் முழுவதும். கதை சொல்ல வந்த அறிவியலை விரலே கற்றுக்கொள்ளும்.

மலேசியாவின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இப்படிச் செயலிகள் செய்யத் தொடங்கப் பெரும் பணம் தேவையில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் உண்டு. படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம், மொழிபெயர்க்கலாம். கூகுளின் ரீட் அலாங் செயலி 2020இல் தமிழிலும் வந்தது. குழந்தை உரக்க வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் வேலையை அது செய்து காட்டியது.

உலு சிலாங்கூர் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒருவர் செயலி செய்ய முன்வந்தால், நிரல் எழுதும் முன் பக்கங்களைத் தாளில் அச்சிட்டு ஒரு பிள்ளையிடம் கொடுத்து, விரல் எங்கே போகிறது என்று பார்க்கட்டும். செயலி முடிந்ததும் திரையை அணைத்துவிட்டுக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லட்டும். எதைத் தொட்டால் என்ன சத்தம் வந்தது என்று மட்டும் பிள்ளை சொன்னால், அந்தச் சத்தங்களை நீக்கிவிட்டு மறுபடி செய்வதுதான் சரி.