மேசைமேல் ஒரு போர்க்களம்

வரலாற்றுத் தேர்வுக்காகப் போர் நடந்த ஆண்டை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அந்தத் தளபதியின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இப்படிக் கேட்பதுதான் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் வரலாற்றுப் போர் விளையாட்டு.

சதுரங்கத்தைப் போல இதில் கட்டங்கள் இல்லை. 28 மில்லிமீட்டர் உயர வீரர்களை அளவுகோலால் அளந்து நகர்த்த வேண்டும். சுட்ட குண்டு பட்டதா, படை நிற்குமா ஓடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ராணுவம் இத்தகைய விளையாட்டின் மூலம் அதிகாரிகளைப் பயிற்றுவித்தது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் இதற்கு விதிநூலே எழுதினார்.

பொள்ளிலூர், 1780

காலனித்துவ இந்தியப் போர்களில் நமக்கு நெருக்கமானது, காஞ்சிபுரம் அருகே 1780 செப்டம்பர் 10இல் நடந்த பொள்ளிலூர்ப் போர். ஆற்று வெள்ளத்தால் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை தாமதமானது. காஞ்சியில் பெரும்படையுடன் இருந்த மன்றோ உரிய நேரத்தில் வரவில்லை. ஹைதர் அலியும் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்தனர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி சிறைப்பட்டார்.

மேசையில் மன்றோவை நீங்கள் ஒருநாள் முன்பே புறப்படச் செய்யலாம். ஆனால் காஞ்சியில் உள்ள தளவாடங்களை யார் காப்பது? ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு விலை உண்டு என்பது அப்போது புரியும்.

பெட்டியில் ‘பிரிட்டிஷ்’ என்று எழுதியிருந்தாலும், பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. எதிரே நின்றவர்களிலும் தென்னாட்டவர் ஏராளம். இருபுறமும் விழுந்தவர்கள் நம் மண்ணின் மக்கள். அந்தப் போரில் எரிந்த கிராமங்களும் பாழான வயல்களும் மேசையில் பச்சை விரிப்பாக மட்டுமே தெரியும். அவற்றை நினைவில் வைத்து ஆடினால்தான் இது வரலாறு; இல்லையேல் வெறும் பகடையாட்டம்.

நம் பக்கத்து ஊரில்

தாப்பாவுக்கு வடக்கே உள்ள கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியரைத் தடுத்து நின்றது 11ஆவது இந்திய டிவிஷன். சீக்கிய வீரர்கள் துப்பாக்கிமுனைக் கத்தியுடன் பாய்ந்து, இழந்த மேட்டை மீட்டனர். ஆனால் ஜப்பானியர் கடல்வழியே தெலுக் அன்சன் பக்கம், அதாவது இன்றைய தெலுக் இந்தான் பக்கம், இறங்கியதால் பின்வழி அடைபடும் ஆபத்து எழுந்தது. படை பின்வாங்கியது.

விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. பள்ளி வரலாற்றுக் கழகத்தில் ஒரு வரைபடம், சட்டைப் பொத்தான்கள், இரண்டு பகடைகள் போதும். கம்பாரிலிருந்து தொடங்குங்கள். ஒரு பொத்தானை மேசையிலிருந்து எடுக்கும்போது, அது எந்த ஊர்ப் பிள்ளை என்றும் கேளுங்கள்.