விளிம்பில் இருக்கும் சாட்சி

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்குள் கேமராவோடு நுழைகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். பலகைமேல் வரிசையாகக் காயும் வெளிறிய பொம்மைகள், அவற்றுக்குப் பின்னால் நிழலில் குனிந்து அச்சைப் பிரிக்கும் ஒருவர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் இங்கே வேர்விட்ட தொழில் இது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல காட்சி அமையாது. ஆனால் ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் பொம்மைகள் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கின்றன. அச்சைப் பிரித்தவரின் முகம் இருட்டில் கரைந்து போயிருக்கிறது.

“அண்ணே, மீட்டரைப் பொம்மைமேல காட்டி அளந்தீங்களா?” என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். இந்த ஒரு கேள்வியில் விமர்சனம் தொடங்கிவிடுகிறது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளையைக் காட்டினால் வெளிச்சம் கூடுதல் என்று கருதி, தேவையானதைவிடக் குறைவாக ஒளியைக் கொடுக்கச் சொல்லும். ஒன்றரை ஸ்டாப், சில சமயம் இரண்டு ஸ்டாப் திறந்து எடுத்திருந்தால் பொம்மையும் வெள்ளையாக இருந்திருக்கும், பொம்மை செய்தவரின் முகமும் கிடைத்திருக்கும். ஃபிலிமில் பதியாமல் போன நிழலை டார்க்ரூமில் எந்த வித்தையாலும் வரவழைக்க முடியாது. நம் ஊரில் உழைக்கிறவர்களின் முகங்கள் வெயிலில் கறுத்தவை. வெள்ளைப் பொருளுக்குப் பக்கத்தில் அந்த முகத்தைக் காப்பாற்றுவது நுட்பம் சார்ந்த விஷயம் மட்டுமல்ல, யாருக்காக அந்தப் படத்தை எடுத்தோம் என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

விருத்தாசலத்திலும் அதை அடுத்த நல்லூர்ப் பக்கத்திலும் ஃபிலிமில் படமெடுக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் சிலர் அவ்வப்போது கூடி, படங்களை மேசைமேல் பரப்பி வைத்துப் பேசுகிறோம். இந்தப் பேச்சுக்கு மற்ற கலை விமர்சனங்களுக்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு என்பதுதான் நான் சொல்ல வந்தது. இங்கே சாட்சியம் கையில் இருக்கிறது.

நெகட்டிவின் விளிம்பைப் பாருங்கள். கம்பெனியின் பெயர், ஃபிலிமின் பெயர், 1, 1ஏ, 2, 2ஏ என்று ஓடும் எண்கள் தெரியும். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்தவை. கழுவும்போதுதான் வெளியே வரும். உங்கள் கேமராவுக்கும் லென்ஸுக்கும் அவற்றோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. படம் மங்கலாக இருந்து, விளிம்பெழுத்து மட்டும் நன்றாகக் கறுத்திருந்தால் கழுவியதில் குறையில்லை, படமெடுத்தபோது வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். எழுத்தும் சேர்ந்து வெளுத்திருந்தால் கோளாறு டேங்கில் நடந்திருக்கிறது. டெவலப்பர் பழசாகியிருக்கலாம், நேரம் குறைந்திருக்கலாம், கரைசல் குளிர்ந்திருக்கலாம். எடுத்தவர் மேல் பழியா, கழுவியவர் மேல் பழியா என்ற வழக்கு அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் பிரிண்டை மட்டும் கொண்டுவந்து கருத்துக் கேட்கிறவரிடம் நெகட்டிவ் எங்கே என்று கேட்கிறோம்.

நெகட்டிவோடு காண்டாக்ட் ஷீட்டும் வர வேண்டும். முப்பத்தாறு கட்டமும் ஒரே தாளில், ஃபிலிமின் அளவிலேயே பதிந்த அந்தத் தாளில் எதையும் மறைக்க முடியாது. ஒருவர் கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்ணைத் தூரத்திலிருந்து மூன்று படம் எடுத்தார், நெருங்கி ஒன்று எடுத்தார், அதற்குள் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டதால் அடுத்த கட்டம் விருத்தகிரீஸ்வரர் கோபுரத்துக்குத் தாவிவிட்டது. எல்லாம் வரிசையாகத் தெரியும். எந்த இடத்தில் தயங்கினார், எந்த இடத்தில் இன்னும் ஓரடி முன்னே போயிருக்க வேண்டும் என்று சொல்ல, தேர்ந்தெடுத்த ஒற்றைப் படம் போதாது. எடுத்தவர் ஒதுக்கிவைத்த கட்டத்தில்தான் நல்ல படம் இருந்தது என்பதும் அடிக்கடி நடக்கிறது. நாம் பட்ட பாட்டை வைத்தே நம் படத்தை எடைபோடுகிறோம். இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்து எடுத்தது உயர்ந்ததாகவும், போகிறபோக்கில் எடுத்தது சாதாரணமாகவும் படுகிறது. அந்த வெயில் படத்தைப் பார்க்கும் நண்பரைச் சுடவில்லை. தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் பார்க்கிறார்.

படம் எடுக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது ஒளிப்படக் கலையோடு கூடவே பிறந்த பழக்கம். 1850-களில் லண்டனில் சிலர் பரிமாற்றச் சங்கம் அமைத்துத் தங்கள் பிரிண்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். 1855-க்கான அவர்களுடைய ஆல்பத்தில் எந்த முறை, என்ன லென்ஸ், எவ்வளவு நேரம் ஒளி கொடுத்தது போன்ற விவரங்களும் படங்களோடு உண்டு. அந்தப் பத்தாண்டிலேயே மும்பை, கல்கத்தா, சென்னை மூன்றிலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. சென்னைச் சங்கத்துக்கு முன்னின்றவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். 1850-இல் கலைப்பள்ளியைத் தொடங்கியவரும் அவர்தான், இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் மூலவேர் அந்தப் பள்ளி.

1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி வைத்த கோயில் படங்களுக்கு நடுவர்கள் முதல்தரப் பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகி ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று மாட்டுவண்டியில் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருடைய காகித நெகட்டிவில் வானம் வெறுமையாகத்தான் விழும். மேகத்தை அவர் நெகட்டிவின் மேல் கையால் வரைந்து சேர்த்திருக்கிறார். இது நியாயமா என்று இன்று எங்கள் மேசையில் வைத்தால் சண்டையே வரும். எனக்கு அந்த மேகங்கள் பிடிக்கும். கல்வெட்டை அவ்வளவு பொறுமையாக ஆவணமாக்கியவர் வானத்தில் தூரிகையும் வைத்தார் என்பது, ஆவணத்துக்கும் அழகுக்கும் அவரிடம் இடம் இருந்ததைக் காட்டுகிறது. ஆளுநர் ட்ரெவெல்யனோ ட்ரைப்பின் ஒளிப்படப் பிரிவை அரசுக்கு ஆகாத ஆடம்பரம் என்று கருதி, 1860 வாக்கில் மூடவைத்துவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் பேச்சின் இடத்தை மதிப்பெண் பிடித்துக்கொண்டது. பெங்களூரின் ஜி. தாமஸ் முன்னின்று 1953-இல் அமைத்த இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பின் கீழ் பல ஊர்ச் சங்கங்கள் இணைந்தன. ‘சலோன்’ என்ற சர்வதேசப் போட்டிக் கண்காட்சிகளுக்குப் பிரிண்டுகள் கப்பலேறின. திரும்பிவந்த அட்டைகளின் முதுகில் ஊர் ஊராக ஒட்டிய சீட்டுகளை இன்றும் பழைய கலைஞர்களின் பெட்டிகளில் பார்க்கலாம். இதனால் விளைந்த நன்மையை மறுக்க மாட்டேன். பிரிண்டில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் நுண்தூரிகையால் தொட்டுச் சரிசெய்துதான் அனுப்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே இருந்தது. ஆனால் நடுவர்கள் சில நொடிகள் பார்த்து எண் போடுவார்கள். ஏற்றார்களா இல்லையா என்பது மட்டும் தபாலில் வரும். ஏன் என்ற காரணம் வராது. காரணம் தெரியாதவர், ஏற்கப்பட்ட படத்தைப் போலவே இன்னொன்றை எடுத்தார். சுருக்கம் விழுந்த தாடிக்காரர், புழுதியில் திரும்பும் ஆட்டுமந்தை, படகுத்துறையில் ஒற்றை ஆள் என்று திரும்பத் திரும்ப ஒரே படங்கள் வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேரெதிரான வழியை ஜப்பானில் காணலாம். 1950-இல் டோமொன் கென் என்ற ஒளிப்படக்காரர் ‘கேமரா’ மாத இதழில் வாசகர் படங்களைத் தேர்வு செய்யும் பொறுப்பை ஏற்றார். அமைத்து எடுக்காதீர்கள், தெருவில் உள்ளதை உள்ளபடி எடுங்கள் என்று மாதந்தோறும் காரணம் சொல்லி வாதாடினார். படம் அனுப்பியவர்கள் பெரும்பாலும் சிறு கேமரா வைத்திருந்த சாதாரண ஆர்வலர்கள். அப்போது மாணவராக இருந்த டோமாட்சு ஷோமெய் அவர்களில் ஒருவர், பின்னாளில் ஜப்பானிய ஒளிப்படக் கலையின் பெரும் பெயர்களில் ஒன்றானார். டோமொனின் கொள்கையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் கொள்கை ஒன்றை வைத்துக்கொண்டு, அதை விளக்கிச் சொல்லி, படத்தை நிராகரித்தவரை மதிக்கிறேன்.

நம் பக்கம் இப்படிப்பட்ட பிடிவாதம் மா. கிருஷ்ணனிடம் இருந்தது. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த இந்த இயற்கையியலாளர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கிடைத்த பாகங்களைக் கொண்டு தானே ஒரு கேமராவைச் சேர்த்து அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்தார். காட்டைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் வேறு வழி வந்தவர். சலோன் உலகின் உச்சப் பட்டங்களைப் பெற்ற, டார்க்ரூமில் தேர்ந்த கானுயிர்க் கலைஞர். 2017-இல் மறையும்வரை இளைய தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். கிருஷ்ணனின் படங்களும் எழுத்தும் 2006-இல் ‘ஐ இன் த ஜங்கிள்’ என்ற பெயரில் தொகுப்பாக வந்தபோது அதன் பதிப்புப் பணியில் பெருமாளும் இருந்தார். ஒருவர் விட்டுப்போன படங்களை, அதே வேலையின் அருமை தெரிந்த இன்னொருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். விமர்சனத்தில் இதைவிட உயர்ந்த மரியாதை எனக்குத் தெரியவில்லை.

ஃபிலிமும் ஒரு காலத்தில் நம் மண்ணிலேயே உருவானது. ஊட்டியில் 1960-இல் அமைந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ‘இந்து’ ரோல் ஸ்டூடியோக்காரர்களின் அலமாரியில் கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோவுக்குப் பக்கத்தில் இருக்கும். தொழிற்சாலை இருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். பல ஆண்டுகள் நலிந்து கிடந்து கடைசியில் மூடிவிட்டார்கள். இப்போது வெளிநாட்டு ரோலின் விலை அதிகம். இந்த விலையில் முப்பத்தாறு முறை மட்டுமே விரலை அழுத்த முடியும் என்பதால், ஒருவரின் குறையை இன்னொருவர் எடுத்துச் சொல்வது பணத்தை மிச்சப்படுத்தும் காரியமாகவும் ஆகிவிட்டது.

எங்கள் பேச்சில் பாதி, வெயிலைப் பற்றியது. ஃபிலிம் பெட்டிக்குள் வரும் அட்டவணை 20 டிகிரி செல்சியஸை வைத்துக் கணக்குச் சொல்லும். வைகாசியில் நல்லூரின் குழாய்த் தண்ணீர் முப்பதைத் தாண்டும். டி-76 டெவலப்பர் கரைசலை அப்படியே ஊற்றினால் இல்ஃபோர்ட் எச்.பி.5 ஃபிலிமுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சூடு ஏற ஏற நேரம் சுருங்கி, 24 டிகிரியிலேயே ஐந்து நிமிடத்தைத் தொட்டுவிடும். ஐந்துக்குக் கீழே போனால் வானம் திட்டுத்திட்டாக விழும். அந்தத் திட்டைப் பார்த்து மேகம் என்று பாராட்டியவர்களும் உண்டு. சரிபாதி தண்ணீர் சேர்த்தால் நேரம் 11 நிமிடமாக நீளும். டேங்கைப் பாத்திரத்தில் நிறுத்திச் சுற்றிலும் ஐஸ் போட்டுக்கொண்டால் கோடையும் கட்டுக்குள் வந்துவிடும். டி-76 பொட்டலம் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். இந்த வரிசையிலேயே கரைக்க வேண்டும். செராமிக் வேலைக்காரர்களுக்கு வெண்காரம் புதிதல்ல.

கூடிப் பேசும்போது எங்களுக்கு ஒரே ஒரு விதி. படம் எடுத்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது. இந்தப் பாட்டி யார், அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் தொடங்கிவிட்டால் எல்லோரும் கதையைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தும் பார்ப்பது உண்டு. அப்போது முகம் முகமாகத் தெரியாது, வெளிச்சம் எந்த மூலையில் கண்ணை இழுக்கிறது என்பது மட்டும் தெரியும். எல் வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைப் படத்தின் மேல் நகர்த்தி, எங்கே வெட்டினால் நன்றாயிருக்கும் என்று காட்டுகிறோம். இளையவர்கள் பெரியவர்களின் படத்தைக் குறைசொல்லத் தயங்குவது நம் ஊர் வளர்ப்பு. “ஐயா, தப்பா நினைக்காதீங்க” என்று தொடங்கும் பேச்சுத்தான் பெரும்பாலும் உருப்படியானது. “சூப்பர்” என்று மட்டும் சொல்கிறவரிடம் எந்த இடம் சூப்பர் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்கிறோம்.

நேரில் வர முடியாதவர்களுக்குத் தபால் இருக்கிறது. இங்கிலாந்தில் இப்படிச் சுற்றிவரும் படக்கட்டுகளுக்கென்றே சங்கங்கள் இருந்தன. எங்கள் கட்டுக்குள் ஒரு பிரிண்ட், காண்டாக்ட் ஷீட், நெகட்டிவ், கருத்தெழுத ஒரு தனித்தாள், சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலத்தில் ஃபிலிமில் பூஞ்சை பிடிப்பது வெகு எளிது. இழைத்தாள் பிரிண்ட் என்றால் முதுகில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பிளாஸ்டிக் பூசிய தாளில் பென்சில் ஒட்டாது, பந்துமுனைப் பேனா முன்பக்கத்தில் தடம் பதித்துவிடும். கட்டைப் பெறுகிறவர் கருத்தை எழுதி, அதே நெகட்டிவிலிருந்து தன் கையால் ஒரு பிரிண்டும் போட்டு வைத்து அனுப்ப வேண்டும். நீங்கள் வெளிச்சமாக விட்ட சுவரை அவர் இருட்டாக்கியிருப்பார். உங்கள் படத்தை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை நான்கு பக்கக் கடிதத்தைவிட அந்தத் தாள் தெளிவாகச் சொல்லும். அனுப்பும் நெகட்டிவை மட்டும் ஆறு கட்டம் கொண்ட துண்டுகளாக வெட்டுங்கள். ஒற்றைக் கட்டமாக நறுக்கினால் என்லார்ஜரில் சரியாக உட்காராது, முன்னும் பின்னும் என்ன எடுத்தீர்கள் என்று பார்க்கவும் வழியிருக்காது.